நம் புரதத்தைத்தானே டெங்கு வைரஸ் பயன்படுத்துகிறது, அதை நிறுத்தினால் போதாதா?

கேள்வி: டாக்டர், நாங்கள் கொளத்தூரில் இருக்கிறோம். போன நவம்பர் மழையில் என் ஒன்பது வயது மகனுக்கு டெங்கு வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், கையில் டிரிப்ஸ், தினமும் இரண்டு வேளை ரத்தப் பரிசோதனை, இவ்வளவுதான் செய்தார்கள். "டெங்குவுக்குன்னு தனியா மருந்து கிடையாதும்மா" என்றார் அங்கிருந்த டாக்டர். முந்தைய வருடம் டைபாய்டு வந்தபோது ஊசி போட்டுச் சரி செய்தார்களே, இதற்கு மட்டும் ஏன் இல்லை? பிளஸ் 2 படிக்கும் என் மகள், "வைரஸ் நம்ம செல்லில் இருக்கிற புரதத்தை வச்சுத்தாம்மா பெருகுது. அந்தப் புரதத்தை நிறுத்துற மருந்து கொடுத்தா போதுமே" என்கிறாள். அவள் சொல்வது சரியா? பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கஷாயமும் கொடுத்ததால்தான் பிளேட்லெட் ஏறியது என்கிறார் என் மாமியார். இன்னொரு முறை டெங்கு வந்தால் இதைவிட மோசமாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். வைரஸ் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. அவள் சொன்னதில் முதல் பாதி முழுக்கச் சரி. இரண்டாவது பாதியில்தான் சிக்கல். உங்கள் மகனுக்கு டிரிப்ஸைத் தவிர வேறு எதுவும் கொடுக்க முடியாமல் போனதற்கும் அந்தச் சிக்கல்தான் காரணம்.

டைபாய்டை முதலில் பார்த்துவிடலாம். அதை உண்டாக்கும் சால்மோனெல்லா ஒரு பாக்டீரியா. தனியாகப் பிழைக்கத் தெரிந்த உயிர். அதற்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஜீன்கள் உண்டு. தன் புரதங்களைத் தானே செய்துகொள்ள அதனிடம் சொந்தமாக ரைபோசோம் இருக்கிறது, சுற்றிலும் செல்சுவர் இருக்கிறது. உங்கள் மகனுக்குப் போட்ட ஊசி அநேகமாக செஃப்ட்ரியாக்சோன். அது பாக்டீரியா சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கும். நம் செல்லுக்குச் சுவரே கிடையாது, அதனால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அசித்ரோமைசின் மாத்திரை பாக்டீரியாவின் ரைபோசோமை அடைக்கும். நம் ரைபோசோமின் அமைப்பு வேறு என்பதால் நம்மை விட்டுவிடும். எதிரியிடம் இருந்து நம்மிடம் இல்லாததைத் தேடி அடிப்பதுதான் ஆன்டிபயாட்டிக்கின் சூட்சுமம்.

டெங்கு வைரஸிடம் அப்படி அடிப்பதற்குப் பெரிதாக ஒன்றுமே இல்லை. அதன் மொத்தச் சொத்தும் ஏறக்குறைய 10,700 எழுத்துகளில் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஒற்றை ஆர்.என்.ஏ. இழைதான். அதிலிருந்து உருவாவது 10 புரதங்கள். மனித உடலில் புரதம் செய்யும் ஜீன்கள் மட்டுமே சுமார் 20,000. பத்தே பத்துப் புரதத்தை வைத்துக்கொண்டு அந்த வைரஸ் உங்கள் மகனை ஐந்து நாள் படுக்கையில் போட்டதென்றால், மீதி வேலையையெல்லாம் செய்து கொடுத்தது யார்? அவனுடைய செல்கள்தான்.

இது எப்படி நடக்கிறது என்று உங்கள் மகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இது ஒன்றிரண்டு வரியில் முடிந்துவிடும். உண்மையில் ஒவ்வொரு படியும் அவ்வளவு நுணுக்கமானது.

கொசு கடித்ததும் வைரஸ் முதலில் சந்திப்பது தோலில் காவல் இருக்கும் டென்ட்ரிட்டிக் செல்களை. கிருமிகளைப் பிடிப்பதற்காக அந்தச் செல்களின் மேல் டி.சி.-சைன் என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் அதையே பிடித்துக்கொள்கிறது. சத்துகளையும் வேறு பொருட்களையும் உள்ளே இழுக்க செல் வைத்திருக்கும் கிளாத்ரின் என்ற புரதம், வைரஸையும் ஒரு பைக்குள் சுற்றி உள்ளே கொண்டுபோகிறது. அந்தப் பைக்குள் அமிலம் ஏற்றுவது செல்லின் வழக்கமான வேலை. உள்ளே வந்ததைச் செரிக்கத்தான் அந்த அமிலம். ஆனால் அமிலம் பட்டதும் வைரஸின் வெளிப்புரதம் உருமாறி, பையின் சவ்வோடு ஒட்டி, ஆர்.என்.ஏ.வை வெளியே விட்டுவிடுகிறது. அழிப்பதற்காக வைத்த அமிலமே கதவைத் திறந்துவிடுகிறது.

அப்புறம் நம் ரைபோசோம் அந்த ஆர்.என்.ஏ.வை வாசிக்கத் தொடங்குகிறது. அது யாருடைய ஆர்.என்.ஏ. என்று ரைபோசோமுக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றில், கட்டுக்கு நடுவே எவரோ தன் நோட்டீஸைச் செருகிவிட்டுப் போனால் எந்திரம் அதையும் சேர்த்துத்தான் அடிக்கும். காகிதம், மை, கரண்ட், ஆள் கூலி எல்லாம் கடைக்காரருடையது. நோட்டீஸை நிறுத்த மெயின் சுவிட்சை அணைத்தால் கல்யாணப் பத்திரிகையும் சேர்ந்தே நின்றுபோகும். உங்கள் மகளின் யோசனையில் உள்ள சிக்கல் இதுதான்.

பத்துப் புரதமும் தனித்தனியாக உருவாவதில்லை. ஒரே நீளச் சங்கிலியாக, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற உட்சவ்வு வலையின் மேல் உருவாகிறது. சவ்வுக்கு வெளிப்பக்கம் இருக்கும் இணைப்புகளை வைரஸின் சொந்தக் கத்தரி வெட்டும். உட்பக்கம் இருப்பவற்றை வெட்ட அதனிடம் கத்தரி இல்லை. அந்த இடங்களில் சிக்னல் பெப்டிடேஸ் என்ற நம் புரதம் வெட்டிக் கொடுக்கிறது. நம் உடலின் இன்சுலினும் செல்லிலிருந்து வெளியே போவதற்கு முன் இதே சிக்னல் பெப்டிடேஸிடம்தான் ஒரு வெட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு வைரஸின் புரதங்கள் சரியாக மடிய அவற்றின்மேல் சர்க்கரைக் கிளைகள் ஒட்ட வேண்டும். ஒட்டுவதும் நம் செல்தான், அதை அளவாக நறுக்கிச் சீர் செய்வதும் நம் செல்தான். கடைசியில் முழு வைரஸாகி வெளியேறும் வழியில் ஃபியூரின் என்ற இன்னொரு நம் புரதம் ஒரு கடைசி வெட்டுப் போட்டால்தான், அது அடுத்த செல்லைத் தொற்றும் பக்குவத்துக்கு வரும்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் எடுத்த என்.எஸ்.1 டெஸ்ட் நினைவிருக்கிறதா? அது வைரஸின் பத்துப் புரதங்களில் ஒன்று. அதைச் செய்து, மடித்து, சர்க்கரை ஒட்டி, ரத்தத்தில் கொண்டுவந்து சேர்த்தது முழுக்க உங்கள் மகனின் செல்கள். ரிப்போர்ட்டில் வந்த "பாசிட்டிவ்" என்ற வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

இதோடு விட்டாலும் பரவாயில்லை. வைரஸ் வந்திருப்பதை செல் கண்டுகொண்டால் இன்டர்ஃபெரான் என்ற அபாயச் சங்கை ஊதும். அந்தச் செய்தியை செல்லின் கருவுக்குள் கொண்டுபோகும் புரதங்களில் ஒன்று ஸ்டாட்2. டெங்குவின் என்.எஸ்.5 புரதம் அதை நேரடியாக அழிப்பதில்லை. பழைய புரதங்களைக் குப்பையில் போட நம் செல் வைத்திருக்கும் யு.பி.ஆர்.4 என்ற புரதத்தைக் கூட்டிக்கொண்டு வந்து ஸ்டாட்2 பக்கம் கைகாட்டுகிறது. நம் ஆளை நம் ஆளே குப்பையில் போட்டுவிடுகிறார். இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமும் வருகிறது, கோபமும் வருகிறது.

வைரஸ் கையோடு கொண்டுவந்தே ஆக வேண்டிய சில பொருட்களும் உண்டு. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ.வின் நீளப் பிரதியை எடுக்கும் எந்திரம் நம் செல்லில் இல்லை. அதனால் அதை வைரஸ்தான் செய்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன அதே என்.எஸ்.5-தான் அந்த எந்திரம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸும் டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் பிரதி எந்திரத்தைக் குறிவைத்த சோஃபோஸ்புவிர் 2013-ல் வந்த பிறகு, அந்த நோயைப் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையிலேயே குணப்படுத்த முடிகிறது. டெங்குவுக்கும் அதே வழியில் முயன்றார்கள். பாலாபிராவிர் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை.

சரி, நம் புரதத்தையே தடுக்கும் யோசனை என்ன ஆனது? 2016-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவும், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவும் மனித செல்லின் ஜீன்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, எது இல்லாவிட்டால் டெங்குவால் வளர முடியவில்லை என்று தேடின. பட்டியலின் உச்சியில் வந்தவை மேலே சொன்னவைதான்: சர்க்கரை ஒட்டும் புரதக் கூட்டம், சிக்னல் பெப்டிடேஸ். இதில் ஒரு விசித்திரம் உண்டு. சர்க்கரை ஒட்டும் புரதத்தின் ஒட்டும் திறனை மட்டும் கெடுத்து, அந்தப் புரதத்தின் உருவத்தை அப்படியே விட்டபோதும் டெங்கு வளர்ந்தது. அந்தப் புரதத்தை வைரஸ் வேறு எதற்கோ, அநேகமாகச் சாய்ந்து நிற்கும் ஒரு தூணாகப் பயன்படுத்துகிறது என்று தெரிந்தது. நம் புரதத்துக்கு நாம் கொடுத்திருக்கும் வேலையை விட்டு, நாம் நினைத்தே பார்க்காத வேலையை வைரஸ் வாங்குகிறது.

ஆனால் இந்தப் பட்டியலை உற்றுப் பாருங்கள். டெங்கு வைரஸ் கொசுவின் செல்லிலும் வளர வேண்டும், மனிதனின் செல்லிலும் வளர வேண்டும். புனேயில் 1967-ல் கே.ஆர்.பி. சிங், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவிலிருந்து உருவாக்கிய, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல் வரிசையின் வழிவந்த செல்களில்தான் உலகம் முழுக்க ஆய்வகங்கள் இன்றும் டெங்குவை வளர்க்கின்றன. கொசுவிலும் நம்மிலும் ஒன்றுபோல இருக்கும் புரதம் என்றால், அது கோடிக்கணக்கான வருடங்களாக மாறாமல் வந்தது. உடம்புக்கு அது அவ்வளவு அவசியம் என்பதால்தான் மாறவில்லை. நம்மால் விட்டுக்கொடுக்க முடியாத புரதங்களாகப் பார்த்து வைரஸ் சார்ந்திருக்கிறது. அதனால்தான் உங்கள் மகள் கேட்டது "எந்தப் புரதத்தை நிறுத்தலாம்" என்ற கேள்வியாக மட்டும் நிற்காமல், "எதை, எவ்வளவு, எத்தனை நாள் குறைத்தால் வைரஸ் தவிக்கும், குழந்தை தாங்கும்" என்ற கேள்வியாக மாறுகிறது.

அப்படி ஒன்றை மனிதர்களில் முயன்றும் பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் விதையில் கிடைக்கும் பொருளிலிருந்து செய்யப்பட்ட செல்கோசிவிர் என்ற மருந்து, சர்க்கரைக் கிளையை நறுக்கும் நம் புரதத்தைத் தடுக்கும். எலிகளில் அருமையாக வேலை செய்தது. சிங்கப்பூரில் 50 பெரியவர்களுக்கு, காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள், பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையுமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. மருந்தால் தீங்கு இல்லை, ஆனால் வைரஸும் காய்ச்சலும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. டெங்குவில் காய்ச்சல் வந்து நாம் கவனிக்கும் நேரத்தில் வைரஸ் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருக்கும். எந்த மருந்தாக இருந்தாலும் அதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

இந்த வழியில் வெற்றியே இல்லை என்று உங்கள் மகள் நினைத்துவிடக் கூடாது. ஹெச்.ஐ.வி.யும் ஆர்.என்.ஏ. சுமந்து வரும் வைரஸ்தான். இந்தியாவில் அது இருப்பதை 1986-ல் முதலில் கண்டறிந்தது நம் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவும். அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் நம் புரதங்களில் ஒன்று சி.சி.ஆர்.5. பிறவியிலேயே அது இல்லாத சிலர், குறிப்பாக வட ஐரோப்பாவில், நன்றாகவே வாழ்கிறார்கள். இல்லாவிட்டாலும் உடம்பு சமாளிக்கும் புரதம் என்று தெரிந்ததும், அதை அடைக்கும் மாராவிராக் என்ற மருந்து 2007-ல் வந்துவிட்டது. நம் புரதத்தைக் குறிவைத்து வைரஸைத் தடுக்கும் மருந்து சாத்தியம் என்பதற்கு அதுவே சாட்சி. 2006-ல் நம் ஊரை முடக்கிப்போட்ட சிக்குன்குனியாவுக்கு எஃப்.ஹெச்.எல்.1 என்ற புரதம் வேண்டும் என்று 2019-ல் தெரியவந்தது. அது தசையில் அதிகம் இருக்கும் புரதம். தேடல் நடந்துகொண்டேதான் இருக்கிறது. உங்கள் மகளுக்கு ஆர்வம் இருந்தால் நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ படிக்கட்டும். அவள் கேட்ட மாதிரிக் கேள்வி கேட்கும் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வேண்டும்.

இனி உங்கள் மகனின் விஷயம். மருந்து இல்லை என்றால் சிகிச்சை இல்லை என்று ஆகாது. டெங்குவில் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வருவது காய்ச்சல் இறங்கும் சமயத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அப்போது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ரத்தம் கெட்டியாகும், பிரஷர் விழும். அந்த ஒன்றிரண்டு நாளில் சரியான அளவு திரவத்தை ஏற்றி, தேவை முடிந்ததும் சரியான நேரத்தில் நிறுத்துவதுதான் சிகிச்சை. இரண்டு வேளை ரத்தம் எடுத்தது பிளேட்லெட்டுக்காக மட்டும் இல்லை. ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று ஒரு எண் இருக்கும், பாருங்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று சொல்லும் எண் அது. அது ஏறினால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் எல்லோரும் பிளேட்லெட்டையே பார்த்துப் பயந்துகொண்டிருக்கும்போது, டாக்டரின் கண் பி.சி.வி.யின் மேல் இருந்திருக்கும். உங்களுக்கு "இவ்வளவுதான்" என்று தோன்றியது, உண்மையில் கவனமாகச் செய்யப்பட்ட வைத்தியம்.

உங்கள் மாமியார் மேல் வருத்தப்படாதீர்கள். பேரன்மேல் உள்ள பாசத்தில் செய்தது அது. ஆனால் டெங்குவில் பிளேட்லெட் விழுந்து, ஒரு வாரத்தில் தானாகவே ஏறும். கஷாயம் குடித்தாலும் ஏறும், குடிக்காவிட்டாலும் ஏறும். பப்பாளி இலைச் சாறு பிளேட்லெட்டைக் கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் ரத்தக்கசிவோ உயிரிழப்போ குறைந்ததாக நிரூபணம் இல்லை. நிலவேம்பை அரசே காய்ச்சல் காலத்தில் கொடுக்கிறது, சித்த மருத்துவரிடம் அளவு கேட்டுக் குடிப்பவர்களை நான் தடுப்பதில்லை. டிரிப்ஸும் பரிசோதனையும் வேண்டாம் என்று அதை நம்பி வீட்டில் வைத்திருப்பதைத்தான் கூடாது என்கிறேன். இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தொடர் வாந்தி டெங்குவின் அபாய அறிகுறி. கசப்புச் சாற்றைக் குடித்துக் குழந்தை வாந்தி எடுத்தால், அது எதனால் வந்தது என்று டாக்டருக்கே குழப்பமாகிவிடும். காய்ச்சல் நாட்களில் இளநீர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், அவை வயிற்றில் தங்கும்.

இரண்டாவது டெங்கு பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தால் அதே வகைக்கு நீண்ட கால எதிர்ப்பு கிடைக்கும். பிறகு வேறு வகை வந்தால், முதல் முறை உடம்பு உருவாக்கிய ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் அந்த வைரஸின் மேல் ஒட்டும், ஆனால் முடக்காது. ஆன்டிபாடி ஒட்டியதை விழுங்குவதற்காக நம் வெள்ளணுக்களின்மேல் ஏற்பி என்ற ஒரு புரதம் இருக்கிறது. வைரஸ் அந்த வழியாக இன்னும் சுலபமாக உள்ளே போய்விடும். இங்கேயும் நம் புரதத்தை வைத்தே நம்மை மடக்குகிறது. ஆனால் பயந்து தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். 2015-ல் வெளியான ஒரு ஆய்வு, சென்னையில் பரிசோதித்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களின் ரத்தத்தில் டெங்கு வந்துபோன அடையாளத்தைக் கண்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு வந்ததே தெரியாது. இரண்டாம் முறை ஆபத்து கூடுகிறது என்பது உண்மை, அப்படி வந்தாலும் பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) பனேசியா பயோடெக் நிறுவனமும் சேர்ந்து இந்தியத் தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்டச் சோதனையை 2024 ஆகஸ்டில் தொடங்கின. நான்கு வகைக்கும் சேர்த்து ஒரே ஊசி. அது கைக்கு வரும்வரை கொசுவை ஒழிப்பதுதான் நம் கையில் இருக்கும் முக்கியப் பிடி. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டை இழுத்துப் பாருங்கள், நிறைய வீடுகளில் யாரும் அதைத் தொடுவதே இல்லை. மணிபிளான்ட் பாட்டில், மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய்த் தொட்டி, மெட்ரோ வாட்டர் பிடித்து வைக்கும் டிரம் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை காலி செய்யுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும். நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மாநகராட்சியிலிருந்து கொசுப் புழு பார்க்க வருபவர்களை வாசலோடு அனுப்பாமல் சம்ப் மூடியைத் திறந்து காட்டுங்கள்.

மகனுக்கு மறுபடி காய்ச்சல் வந்தால், டாக்டர் எடை பார்த்து எழுதிய அளவில் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். இபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் நிலைகொள்ளாமல் தவிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று காத்திருக்காதீர்கள். போகும்போது போன நவம்பர் ரிப்போர்ட்டுகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், "இவனுக்கு ஏற்கெனவே டெங்கு வந்திருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.